காருக்குள் நுழையும் எஞ்சின் புகையும் உடல்நலக் கேடுகளும்

காரின் எஞ்சினில் பெட்ரோலோ டீசலோ எரியும்போது உண்டாகும் புகை, வண்டியின் அடியில் செல்லும் குழாய் வழியாகப் பின்பக்கம் வெளியேற வேண்டும். வழியிலேயே கசிந்தோ, வெளியேறிய பின் திரும்பியோ, முன்னால் நிற்கும் மற்றொரு வண்டியிலிருந்தோ அது பயணிகள் உட்காரும் பகுதிக்குள் வந்துவிடுவதுண்டு. இதனால் விளையும் கேடு இரு வகைப்படும். கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவால் சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் ஏற்படும் நச்சேற்றம் முதல் வகை. இது உயிரையே பறிக்கக்கூடியது. நுண்துகள்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள், பென்சீன் முதலியவற்றை நாள்தோறும் சிறுகச் சிறுகச் சுவாசிப்பதால் ஆண்டுக்கணக்கில் சேரும் பாதிப்பு இரண்டாம் வகை.

இரண்டாம் வகையைக் கண்ணும் மூக்கும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முகம் சுளிக்காதவர் இல்லை. முதல் வகைக்கு அப்படி ஓர் எச்சரிக்கை கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, அது தொண்டையைக் கரிக்கவும் செய்யாது. "புகை நாற்றமே வரவில்லையே" என்பது பாதுகாப்புக்கான சான்று ஆகாது.

புகையில் என்ன இருக்கிறது?

எரிபொருள் முழுமையாக எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் மட்டுமே மிஞ்ச வேண்டும். எஞ்சினுக்குள் ஒவ்வொரு முறையும் எரிவதற்குக் கிடைப்பதோ நொடியின் சிறு பகுதி. அதற்குள் எல்லா இடத்திலும் ஆக்சிஜன் சரியான அளவில் கலந்துவிடுவதில்லை. குறை எரிதலில் பிறப்பதே கார்பன் மோனாக்சைடு. தமிழ்ப் பாடநூல்களில் இதைக் கார்பனோராக்சைடு என்றும், இலங்கையில் காபனோரொட்சைட்டு என்றும் எழுதுவர்.

பெட்ரோல் எஞ்சினில் இந்த வாயு அதிகம். டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டு எரிப்பதால் இது குறைவு, ஆனால் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடுதல். சிஎன்ஜி, எல்பிஜி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியும் புகை இல்லை என்பதால் பலரும் அவற்றை அச்சமற்றவை என எண்ணுகின்றனர். அவற்றிலும் கார்பன் உண்டு, குறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் உண்டு.

இன்றைய கார்களின் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டுள்ளது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்ட தேன்கூடு போன்ற அமைப்பு அது. கார்பன் மோனாக்சைடை அது கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடுகிறது. ஆனால் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே நன்றாக வேலை செய்யும். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் சில நிமிடங்களில் வரும் புகைதான் மிக மோசமானது. மூடிய இடத்தில் வண்டியை "சூடுபடுத்தும்" பழக்கம் ஆபத்தாவது இதனால்தான். இந்த மாற்றி, நாற்றம் தரும் ஹைட்ரோகார்பன்களையும் எரித்துவிடுகிறது. எனவே புதிய வண்டியின் புகையில் நாற்றம் குறைவு. காற்றுக்கு நல்லதுதான், மூக்கை நம்பியிருப்பவருக்கு அது நல்லதாக அமையவில்லை.

இந்தியாவில் வண்டிகளுக்கு வழங்கப்படும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றைப் பலர் பாதுகாப்புச் சான்றாகவே எடுத்துக்கொள்கின்றனர். அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்பது நல்லது. பாரத் ஸ்டேஜ் 4 தரத்துப் பெட்ரோல் கார், நின்றபடி எஞ்சின் ஓடும்போது வெளிவிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காடு வரை இருக்கலாம். பாரத் ஸ்டேஜ் தரங்களுக்கு முந்தைய பழைய கார்களுக்கு வரம்பு 3 விழுக்காடு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தால் அதை 1 பிபிஎம் என்பர். அந்த அளவையில் 0.3 விழுக்காடு என்பது 3,000 பிபிஎம். ஏறத்தாழ 3,200 பிபிஎம் உள்ள காற்றைச் சுவாசிப்பவருக்கு ஐந்து, பத்து நிமிடங்களில் தலைவலியும் மயக்கமும் தொடங்கும், அரை மணி நேர அளவில் உயிர் போகலாம். நல்ல நிலையிலுள்ள கார் இந்த வரம்புக்கு மிகக் கீழேயே வெளியிடும் என்பது உண்மை. ஆயினும் அந்தச் சான்று, தெருவில் கலந்து கரைந்துபோகும் புகைக்குத் தரப்படுவது. காருக்குள் திரும்பி வரும் புகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

உள்ளே வரும் வழிகள்

காரின் உட்பகுதி காற்றுப் புகாத பெட்டி அன்று. ஏசியோ மின்விசிறியோ இழுக்கும் வெளிக்காற்று, முன்கண்ணாடியின் அடியில் வைப்பர்கள் பொருத்தப்பட்ட இடத்தில் உள்ள சல்லடை வழியாக நுழைகிறது. அந்த இடம் பானெட்டுக்கு ஒட்டியே உள்ளது. எஞ்சினிலிருந்து புகை முதலில் இறங்கும் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலோ, அதன் கேஸ்கெட் எரிந்துபோயிருந்தாலோ, கசியும் புகை பானெட்டுக்குள் தங்கி அந்தச் சல்லடை வழியாக நேரே முகத்துக்கு வரும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இதை அடித்துச் சென்றுவிடலாம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் உள்ளே நாற்றம் வருகிறது என்று சொல்பவர்களின் வண்டியில் மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது வண்டியின் அடிப்பகுதி. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானால் சத்தம் கூடும், அதைச் சத்தத் தொல்லையாக மட்டும் பார்த்து ஒத்திப்போடுவோர் ஏராளம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இந்தத் துரு விரைந்து பிடிக்கும். தரைத்தகட்டிலும் துரு விழுந்திருந்தால், அல்லது கியர் கம்பி, ஒயர்கள் செல்லும் துளைகளின் ரப்பர் கழன்றிருந்தால், அடியில் தேங்கும் புகைக்கு மேலே வர வழி கிடைத்துவிடும்.

மூன்றாவது வழி பலரும் நினைத்துப் பார்க்காதது. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது. பின்னால் காற்று சுழன்று, வண்டி விட்ட புகையை அதன் முதுகோடு ஒட்டியே இழுத்து வருகிறது. டிக்கி மூடியிருக்கும்வரை தொல்லையில்லை. பெரிய சாமானை ஏற்றி டிக்கிக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, முன்கண்ணாடிகளை மூடி ஓட்டினால் அந்தப் புகை உள்ளே உறிஞ்சப்படும். வேனின் பின்கதவைத் திறந்துவைத்துப் பிள்ளைகளை அதன் விளிம்பில் உட்கார்த்திச் செல்வதில் கீழே விழும் ஆபத்தைத்தான் எல்லாரும் சொல்வர். புகையும் அந்தப் பிள்ளைகளுக்கே முதலில் கிடைக்கிறது.

காவல்துறைக் கார்களில் நடந்தது

பின்வழிக் கசிவு எவ்வளவு சிறிய துளையால் வரலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் கார்கள் பற்றி நடந்த விசாரணை நல்ல எடுத்துக்காட்டு. 2011 முதல் 2017 வரையிலான மாதிரிகளில் காருக்குள் புகை நாற்றம் வருவதாக வந்த முறையீடுகளையடுத்து, அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் விசாரணையைத் தொடங்கியது. அந்தக் கார்களின் காவல்துறை வகை பல நகரங்களில் ரோந்துக்குப் பயன்பட்டது. பணியின்போது சில காவலர்களுக்கு உடல்நலம் குன்றியதை அடுத்து, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரக் காவல்துறை 2017 சூலையில் ஏறத்தாழ 400 கார்களை ஒரேயடியாகப் பணியிலிருந்து விலக்கியது.

காவல்துறைக் கார்களில் விளக்குகள், வானொலிக் கருவிகள் பொருத்துவதற்காக உடற்பகுதியில் துளையிடுவது வழக்கம். அத்துளைகள் சரியாக அடைக்கப்படாததும், பின்பக்க மோதலுக்குப் பின் பழுது முழுமையாகச் சீராக்கப்படாததும் புகை நுழையும் வழிகளாகக் கண்டறியப்பட்டன. ஏசி உள்காற்றையே சுழற்றும் நிலையில் இருக்கும்போது, வண்டியை வேகமாக முடுக்கினால் நாற்றம் வருவதாகவும் பலர் கூறியிருந்தனர். 2023 சனவரியில் விசாரணை முடிந்தது. ஏற்கப்பட்ட உடல்நல அளவுகளை மீறிய கார்பன் மோனாக்சைடு காணப்படவில்லை என்று கூறி, கார்களைத் திரும்பப் பெற உத்தரவிடாமலே நிர்வாகம் வழக்கை முடித்தது.

இந்த முடிவைக் கொண்டு அச்சமே வீண் என்று சொல்லிவிட முடியாது. காரில் கூடுதல் விளக்கு, ஸ்பீக்கர், கேமரா பொருத்தத் துளையிடுவது நம் ஊரிலும் அன்றாடம் நடக்கிறது. துளையிட்டவர் அதை ரப்பர் வளையமும் சீலன்டும் கொண்டு அடைத்தாரா என்று கேட்பவர் குறைவு.

நின்ற காரில் ஏசியும் உறக்கமும்

தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும், ஏசி போட்டுக் காருக்குள் உறங்கியவர் காலையில் இறந்து கிடந்தார் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருகிறது. கோடை இரவில் சவாரிக்குக் காத்திருக்கும் வாடகைக் கார் ஓட்டுநர், திருமண மண்டபத்துக்கு வெளியே வண்டியில் படுத்தவர், நெடுந்தொலைவு ஓட்டிக் களைத்து ஓரங்கட்டியவர் என்று ஆள் மாறினாலும் சூழ்நிலை ஏறக்குறைய ஒன்றே.

இச்செய்திகளில் "ஏசி வாயு கசிந்து இறந்தார்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஏசிக்குள் சுற்றும் குளிர்பொருள் வேறு, எஞ்சின் புகை வேறு. ஏசி நச்சு வாயு எதையும் உண்டாக்குவதில்லை. அதன் கம்ப்ரசரைச் சுழற்ற எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் புகை வரும், அந்தப் புகையில்தான் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. காரணத்தை மாற்றிச் சொல்வதால் விளையும் தீங்கு சிறியதன்று. ஏசி மெக்கானிக்கிடம் "வாயு" சரிபார்த்துவிட்டோம் என்று நிம்மதியடைபவர், ஓட்டையான சைலன்சரை அப்படியே விட்டுவிடுகிறார்.

ஓடும் காரைவிட நிற்கும் கார் ஏன் மோசம்? புகையைப் பின்னே தள்ளிவிட எதிர்க்காற்று இல்லை. குழாயின் வாய் சுவரை ஒட்டியோ புதரிலோ மண்மேட்டிலோ இருந்தால் புகை வண்டிக்கு அடியிலேயே தேங்குகிறது. தரைக்கீழ்த் தளங்களில் அது எங்கும் போவதில்லை. கண்ணாடிகள் மூடியிருப்பதால் உள்ளே வந்தது வெளியேறுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உறங்குபவருக்குத் தலைவலி தெரியாது. விழித்திருப்பவரைக் காரைவிட்டு இறங்க வைக்கும் அறிகுறிகள் எல்லாம் உறக்கத்திலேயே கடந்துபோய்விடுகின்றன. மது அருந்தியவர் நிலை இன்னும் கடினம்.

பனி பொழியும் நாடுகளில் இதே விபத்து வேறு உருவில் நடக்கிறது. 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பனிப்புயலின்போது, தந்தை பனியை அள்ளிக்கொண்டிருக்க, குளிர் காய்வதற்காக எஞ்சின் ஓடும் காரில் உட்கார்ந்த சிறுவன் இறந்தான். புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தது. 2022 சனவரியில் பாகிஸ்தானின் மலைநகரான மர்ரியில் கடும் பனிப்பொழிவில் சிக்கிய கார்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளிரோடு, ஹீட்டருக்காக ஓடவிட்ட எஞ்சின்களின் கார்பன் மோனாக்சைடும் காரணமாக இருக்கலாம் என அதிகாரிகள் அப்போதே கருதினர்.

எஞ்சின் வண்டியினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தி, ஏசிக்காக இயக்கப்பட்ட ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த துளை வழியாக உள்ளே வந்ததைக் கண்டறிந்தனர்.

உடலுக்குள் நடப்பது

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு திசுக்களில் இறக்கிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு அதே ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. காற்றில் சிறிதளவே இருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசிப்பவரின் இரத்தத்தில் அது குவிந்துவிடுவதற்கு இந்தப் பிடிப்பே காரணம். கேடு இத்துடன் முடிவதில்லை. ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நான்கு இடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றிரண்டைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துவிட்டால், மற்ற இடங்களில் உள்ள ஆக்சிஜனும் எளிதில் கழல்வதில்லை. இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும், தேவைப்படும் இடத்தில் இறக்காது. மூளையும் இதயமும் முதலில் தவிக்கின்றன. செல்களுக்குள் ஆற்றல் உண்டாகும் செயலையும் இந்த வாயு நேரடியாகக் குலைக்கிறது.

இந்த நச்சேற்றத்தை முறையாக ஆராய்ந்தவர்களில் பிரிட்டன் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் குறிப்பிடத்தக்கவர். 1890களில் அவர் தாமே கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்து, தம் இரத்தத்தில் அது ஏறுவதையும் உடலில் தோன்றும் மாற்றங்களையும் குறித்துவைத்தார். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் பலரைக் கொன்றது வெடிப்பு அன்று, அதன்பின் பரவிய இந்த வாயுதான் என்று காட்டியவரும் அவரே. சிறிய உயிரினங்கள் வேகமாகச் சுவாசிப்பதால் மனிதருக்கு முன்னரே மயங்கிவிழும் என்று கண்டு, சுரங்கத்துக்குள் அவற்றை எடுத்துச்செல்லப் பரிந்துரைத்தார். பிரிட்டன் சுரங்கங்களில் கேனரிப் பறவைகள் 1986 வரை இந்தப் பணியில் இருந்தன. காரில் அந்தப் பறவையின் இடத்தில் இருப்பது பின்னிருக்கைக் குழந்தை. குழந்தைகளும் உடல் எடைக்கு ஒப்ப வேகமாகச் சுவாசிப்பவர்கள், பெரியவர்களுக்கு முன்பே பாதிக்கப்படுவார்கள்.

கருவில் உள்ள குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கருவின் இரத்தத்தில் இந்த வாயு தாயின் இரத்தத்தைவிட அதிக அளவில் சேர்வதோடு, மெதுவாகவே நீங்குகிறது. தாய் தேறிவிட்டாலும் கரு தேறியதாகக் கொள்ள முடியாது. இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்குச் சிறிய அளவே நெஞ்சுவலியைத் தூண்டிவிடும்.

அறிகுறிகளை அடையாளம் காணுதல்

ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துள்ளது என்பதை வைத்து மருத்துவர்கள் பாதிப்பைக் கணிக்கின்றனர். புகைபிடிக்காதவரிடம் இது 3 விழுக்காட்டுக்குள் இருக்கும். புகைபிடிப்பவரிடம் 10 வரை செல்வதுண்டு. 10 முதல் 20 விழுக்காட்டில் நெற்றியை இறுக்குவது போன்ற தலைவலியும் சோர்வும் தொடங்கும். 30ஐத் தாண்டினால் வாந்தி, தலைச்சுற்றல், குழப்பம், கால் தளர்வு. 50க்கு மேல் நினைவிழப்பு, வலிப்பு, மரணம். ஆளுக்கு ஆள் இது வேறுபடும்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் "பயண ஒவ்வாமை" அல்லது "வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்பதே. வேறுபடுத்தி அறிய ஒரு வழி உண்டு. பயண வாந்தி பெரும்பாலும் ஒருவருக்கு வரும், வளைவுகளில் வரும். காரிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலை கனத்தால், இறங்கி நின்றால் தெளிந்து, ஏறினால் மீண்டும் வந்தால், வண்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் சளிக்காய்ச்சல் போன்ற அலுப்பு தோன்றுவதும் ஒரு குறி.

குழப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் தனக்கு என்ன நேர்கிறது என்பதே ஓட்டுநருக்குப் புரியாது. கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றினாலும் கை இயங்காமல் போகலாம்.

கொரோனா காலத்துக்குப் பின் பல வீடுகளில் இருக்கும் விரல்நுனி ஆக்சிமீட்டர் இங்கு உதவாது, தவறாகவும் வழிநடத்தும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஒட்டியதாகவே எண்ணிவிடுவதால், மயங்கிக் கிடப்பவருக்குக்கூட 98 என்று காட்டலாம். உடல் செர்ரிப் பழம்போல் சிவந்திருக்கும் என்று நூல்களில் படிப்பதும் உயிரோடிருப்பவரிடம் அரிதாகவே காணப்படுகிறது.

நாள்தோறும் சேரும் கேடு

சென்னை அண்ணா சாலையிலோ மதுரை காளவாசல் சந்திப்பிலோ ஊர்ந்து செல்லும் காருக்குள் வருவது பெரும்பாலும் அடுத்த வண்டியின் புகை. காற்றை இழுக்கும் சல்லடை, முன்வண்டியின் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் இருக்கிறது. சாலை நடுவே காருக்குள் இருப்பவர் சுவாசிக்கும் மாசு, தள்ளி அமைந்த கண்காணிப்பு நிலையம் காட்டுவதைவிடக் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு அளவீடுகள் காட்டியுள்ளன. ஒருமணி நேரம் ஓட்டி வீடு திரும்புபவரைவிட, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியிலேயே வாழும் வாடகைக் கார், வேன் ஓட்டுநர்களுக்கே இது பெரிய செய்தி. எஞ்சின் மூடியை ஒட்டியே உட்காரும் பழைய பேருந்து ஓட்டுநர்களையும் இதில் சேர்க்க வேண்டும்.

டீசல் புகையின் கரித்துகள்களில் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாமல் நுரையீரலின் காற்றுப்பைகள்வரை சென்று, மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய்கள் ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயை அழற்சியுறச் செய்து ஆஸ்துமாவைத் தூண்டும். உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. பென்சீன் அதற்கு முன்பே அப்பிரிவில் உள்ளது. 2021இல் வெளியான அவ்வமைப்பின் வழிகாட்டி, நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியத் தர வரம்பு 40.

பென்சீன் என்றதும் வாட்ஸ்அப்பில் நெடுநாளாகச் சுற்றும் செய்தி ஒன்று நினைவுக்கு வரும். வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டிலிருந்து பென்சீன் வெளிப்பட்டுப் புற்றுநோய் வரும், அதனால் ஏறியதும் ஏசி போடாதீர்கள் என்பது அதன் சாரம். பிளாஸ்டிக் சூட்டில் சில ஆவிகளை வெளியிடுவது உண்மை. ஆனால் அச்செய்தியில் அடுக்கப்படும் பயமுறுத்தும் எண்களுக்கு நம்பத்தக்க அளவீடு எதையும் அதைப் பரப்புவோர் காட்டுவதில்லை. காரில் செல்பவருக்குப் பென்சீன் முதன்மையாக வருவது பெட்ரோல் ஆவியிலிருந்தும் எஞ்சின் புகையிலிருந்தும். கண்ணாடியைச் சிறிது நேரம் இறக்கிவைப்பது வெக்கையைப் போக்கும் என்பதால் அந்தப் பழக்கம் மட்டும் நல்லதே.

காற்றுச்சுழற்சிப் பொத்தான்

ஏசிப் பலகையில், காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறியுடன் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வெளிக்காற்று அடைபட்டு உள்காற்றே சுழலும். புகை கக்கும் லாரிக்குப் பின்னாலோ சுரங்கப்பாதையிலோ அதைப் போடுவது நுண்துகளைப் பெரிதும் குறைக்கும். போட்டதை மறந்துவிடுவதுதான் சிக்கல். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் கார்பன் டைஆக்சைடை வெளிவிடுகிறார். நான்கு பேருக்கு ஒரு லிட்டர். காரின் உள்ளளவு 3,000 லிட்டர் என்று கொண்டால், கசிவே இல்லாத நிலையில் பத்து நிமிடத்தில் 3,000 பிபிஎம்முக்கு மேல் சேர்ந்துவிடும். வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் அளவே. நடைமுறையில் கசிவு இருப்பதால் இவ்வளவு விரைவில் ஏறாது, எனினும் நெடுஞ்சாலைப் பயணத்தில் கொட்டாவியும் மந்தமும் வர இது ஒரு காரணம். நெரிசலில் உள்சுழற்சி, திறந்த சாலையில் வெளிக்காற்று என மாற்றி மாற்றி வைப்பதே சரி.

ஏசி வடிகட்டி நுண்துகளைப் பிடிக்கும். கரி சேர்த்த வடிகட்டி சில வாயுக்களையும் நாற்றத்தையும் பிடிக்கும். இரண்டுமே கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. சில புதிய கார்களின் திரையில் உள்காற்று "நன்று" என்று பச்சை எழுத்தில் வருகிறதே, அதுவும் நுண்துகளை அளந்து சொல்வதுதான். வீட்டுக் காற்றுத் தூய்மிக்கும் இதே குறை உண்டு. சொந்தக் காரிலேயே கசிவு இருந்தால் பொத்தானை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுசெல்ல வேண்டும். லிஃப்டில் தூக்கி, சைலன்சர் இணைப்புகளையும் மேனிஃபோல்டையும் தரைத் துளைகளின் ரப்பர்களையும் பின்கதவு ரப்பரையும் பார்க்கச் சொல்லலாம். பின்பக்கம் மோதல் பட்ட வண்டிக்கு இது கட்டாயம். மின்கலத்தால் இயங்கும் கையடக்கக் கார்பன் மோனாக்சைடு உணரி, வண்டியிலேயே நெடுநேரம் கழிப்பவருக்கு வாங்கத் தகுந்த பொருள்.

உறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, திறந்த வெளியில், எதிரெதிர்க் கண்ணாடிகளைச் சிறிது இறக்கிவைத்து உறங்கலாம். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினால் போதும் என்பது நம்பத்தக்கதன்று. காற்று வீசும் திசையைப் பொறுத்து அந்த இடைவெளியே புகைக்கு வழியாகலாம்.

முதலுதவி

எஞ்சின் ஓடும் காருக்குள் ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால், உள்ளே உட்கார்ந்து அவரை எழுப்ப முயலக் கூடாது. எல்லாக் கதவுகளையும் திறந்து, எஞ்சினை நிறுத்தி, அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வர வேண்டும். மூடிய அறையில் வண்டி நின்றால், உதவிக்குப் போனவரும் அங்கேயே விழக்கூடும். 108ஐ அழைத்து, மூச்சில்லையெனில் மார்பழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும். அவர் காருக்குள் இருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் மது மயக்கமாகவோ பக்கவாதமாகவோ கருதப்பட்டு, உரிய இரத்தச் சோதனை செய்யப்படாமல் போகலாம்.

சிகிச்சை ஆக்சிஜன்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். உயரழுத்த ஆக்சிஜன் அறையில் அரை மணி நேரத்துக்குள். நினைவிழந்தவர், கருவுற்ற பெண், இதயப் பாதிப்பு உள்ளவர் ஆகியோருக்கு அவ்வறை சிகிச்சையை மருத்துவர்கள் பரிசீலிப்பர், ஆனால் அந்த வசதி சில மருத்துவமனைகளிலேயே உண்டு.

தேறி வீடு திரும்பியவர்களில் சிலருக்குச் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் மறதி, கவனக் குறைவு, நடையில் தடுமாற்றம், இயல்புக்கு மாறான கோபம் அல்லது மந்தம் போன்றவை புதிதாகத் தோன்றுவதுண்டு. ஆக்சிஜன் குறைவால் மூளையில் பின்னர் வெளிப்படும் பாதிப்பு இது. இவற்றைக் கண்டால், அன்றைய சிகிச்சைக் குறிப்புகளுடன் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.